தறிமேல் கை, கணக்கின்மேல் மனம்

கமண்டல நாக நதிக்கரையில் இருக்கிறது ஆரணி. அந்த ஊரிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கங்களிலும் தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கால் மிதியை அழுத்துகிறது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. நடுவில் நாடா ஓடி ஊடையை விட்டுச் செல்ல, அச்சு அதை அடித்து நெருக்குகிறது. இருபது வருடம் நெய்தவர் இதில் எதையும் யோசித்துச் செய்வதில்லை. கைக்கும் காலுக்கும் வேலை தெரியும். அப்படியானால் அந்த நேரத்தில் மனம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் கணக்கில். பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம், பிள்ளையின் படிப்புச் செலவு, அடகில் இருக்கும் கம்மல். இதற்கிடையில் பாவில் ஓர் இழை அறுகிறது. கண் திறந்துதான் இருக்கிறது, எதிரே துணிதான் இருக்கிறது, ஆனாலும் அறுந்தது மனதில் பதிவதில்லை. நாலு விரற்கடை நெய்த பிறகு பழுது தெரிகிறது. பிரிக்க வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும், மறுபடி நெய்ய வேண்டும். கூலி புடவைக் கணக்கில் வருவதால் போன நேரம் போனதுதான்.

அந்த நாலு விரற்கடையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மனம் வேலையை விட்டு விலகிய கணம் ஒன்று. விலகிவிட்டோம் என்று அதே மனம் கண்டுகொள்ளும் கணம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை விஞ்ஞானிகள் இப்போது அளக்கிறார்கள்.

முதலில் விலகலைப் பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு நாளின் ஏதேதோ நேரங்களில் கேள்வி போகும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? பதில்களில் 46.9 விழுக்காட்டில் மனம் வேறெங்கோ இருந்தது. விலகிய மனம் பொதுவாக மகிழ்ச்சி குறைந்த மனமாகவும் இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலுள்ள வேலையிலேயே மனம் வைத்திருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியில் இல்லை.

நன்றாகப் பழகிய வேலையில் இந்த விலகல் கூடும். 2007இல் மாலியா மேசனும் உடன் ஆய்வாளர்களும் இதை மூளைப் படத்திலேயே காட்டினார்கள். பலமுறை பயிற்சி செய்த வேலையைச் செய்யும்போது மனம் அதிகம் அலைந்தது. புதிய வேலையில் அலைச்சல் குறைந்தது. அலையும்போது மூளையில் சுறுசுறுப்பான பகுதிகள், மார்கஸ் ரெய்ச்சலின் குழு 2001இல் விவரித்த வலையமைப்பைச் சேர்ந்தவை. ஒருவர் வெளிவேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது அந்த வலையமைப்பு உழைக்கத் தொடங்கும். நேற்றைய பேச்சு, நாளைய பயம், அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதெல்லாம் ஓடுவது அங்கேதான். ஆக, கைத்தேர்ச்சி கூடக் கூட நெசவாளருக்குக் கவலைப்பட இடமும் கூடுகிறது. திறமைக்கு இப்படி ஒரு விலை இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கண்டுகொள்ளுதல் இன்னும் விசித்திரமானது. அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஸ்கூலர் ஆட்களைப் படிக்க வைத்து, மனம் புத்தகத்தை விட்டு விலகியதாக உணர்ந்ததும் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார். அதோடு இடையிடையே தானாகவும் குறுக்கிட்டு, இப்போது மனம் எங்கே என்று கேட்டார். பொத்தானை அழுத்தவே தயாராக உட்கார்ந்திருந்தவர்கள், கேட்ட பிறகுதான் தாங்கள் எப்போதோ விலகிப் போய்விட்டதை அறிந்தார்கள். கண் வரிகளின் மேல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. 2009இல் மைக்கேல் சயட், எரிக் ரைக்கிள் ஆகியோருடன் சேர்ந்து இதையே மது அருந்தியவர்களிடமும் சோதித்தார். படிக்கக் கொடுத்தது டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்'. குடித்தவர்களின் மனம் குடிக்காதவர்களைவிட அதிகம் அலைந்தது. அலைச்சல் கூடியதற்கு ஏற்பக் கண்டுகொள்ளுதல் கூடவில்லை. கவலையை மறக்கக் குடிப்பதாகச் சொல்பவர்கள் ஏராளம். குடி கவலையை விட்டுவைத்து, கவலையில் இருக்கிறோம் என்று அறியும் கண்ணைத்தான் மூடுகிறது என்று இந்தச் சோதனையிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

நினைப்பதை அறியும் இந்தத் திறன், நினைக்கும் திறனிலிருந்து வேறானது. 1970களில் ஜான் ஃப்ளேவெல் சிறு பிள்ளைகளிடம் சில படங்களைக் கொடுத்து, மனப்பாடம் ஆனதும் சொல்லுங்கள் என்றார். மிகச் சிறியவர்கள் உடனே ஆகிவிட்டது என்றார்கள். கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளோ தங்களுக்குத் தெரியும், தெரியாது என்பதைச் சரியாகவே சொன்னார்கள். அந்தத் திறன் வளர்ந்துதான் வருகிறது. பெரியவர்களிடத்திலும் அது ஒரே அளவில் இல்லை. 2010இல் லண்டனில் ஸ்டீவன் ஃப்ளெமிங் குழு, திரையில் பார்த்ததைச் சரியாகச் சொல்வதையும், சொன்னது சரிதானா என்று தன்னையே மதிப்பிடுவதையும் தனித்தனியே அளந்தது. பார்வையில் ஒரே தேர்ச்சி உள்ளவர்கள் தன்மதிப்பீட்டில் வெகுவாக வேறுபட்டார்கள். தன்மதிப்பீட்டில் தேர்ந்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையின் முன்பகுதியில் சாம்பல்நிறத் திசு அதிகமாக இருந்தது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் கவலை மனதை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று பார்த்த மிக முக்கியமான ஓர் ஆய்வு ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு விவசாயிக்கு வெட்டு முடிந்தால்தான் கையில் பணம். வெட்டுக்கு முன் அவர்களில் 78 விழுக்காட்டினர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 விழுக்காடுதான். அதே ஆட்களுக்கு இரண்டு காலத்திலும் சிறு சோதனைகள் வைத்தார்கள். ஒன்றில் '5 5 5' என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்றுதான் கேள்வி. வாய் ஐந்து என்று சொல்ல முந்தும். அதை அடக்கி மூன்று என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, படங்களில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கும் அறிவுச் சோதனை. வெட்டுக்கு முன் அவர்கள் மெதுவாகவும் அதிகப் பிழையோடும் செய்தார்கள். வெட்டுக்குப் பின் தேறினார்கள். ஆலை முறைவைத்து வெட்டுவதால் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் அறுவடை வருவதில்லை. எனவே பருவம்தான் காரணம் என்று தள்ளிவிட முடியவில்லை. 2013இல் சயின்ஸ் இதழில் வந்த இந்த முடிவின் பொருள் எளிது. அதே விவசாயி, அதே மூளை. அடகுச் சீட்டு மட்டும் நினைவின் ஒரு பகுதியைத் தன் பேருக்கு எழுதி வைத்துக்கொண்டிருந்தது.

2016இல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய ஓர் ஆய்வில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி வரும் சம்பளத்துக்கு முந்தைய நெருக்கடியும், வருடத்துக்கொரு அறுவடையின் நெருக்கடியும் ஒரே கனமானவை என்று நான் நினைக்கவில்லை.

சரி, கவலையில் இருக்கிறோம் என்று கண்டுகொண்டால் மட்டும் போதுமா? இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நினைப்பைக் கவனிப்பதும், நினைப்பை அசைபோடுவதும் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, தற்செயலாக, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் மனச்சோர்வு பற்றிய கேள்வித்தாளை சூசன் நோலன்-ஹோக்சீமா நிரப்பி வாங்கியிருந்தார். துயரம் வந்தால் எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி என்று திரும்பத் திரும்ப நினைக்கும் பழக்கமுள்ளவர்கள், நடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகச் சோர்வில் இருந்தார்கள். உள்ளே பார்ப்பது எப்போதும் நல்லது என்று பேசும் புத்தகங்களை இதனால்தான் நான் முழுக்க நம்புவதில்லை.

'ஏன்' என்ற கேள்விக்கு மனம் சொல்லும் பதிலும் பெரிதாக நம்பத்தக்கதில்லை. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். மற்ற எதையும்விட வலதுகோடியில் இருந்ததையே அதிகம் பேர் காட்டினார்கள். ஏன் என்றால், இழை நேர்த்தி, பின்னல் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நான்கும் ஒன்றேதான். வைத்திருந்த இடம் தங்களைத் திருப்பியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பட்டுக்கடைப் பாயில் உட்கார்ந்து புடவை பிரித்துப் பார்த்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்! நம் நினைப்பின் காரணம் நமக்குத் தெரிவது அரிது. நினைப்பு என்ன என்பது, கொஞ்சம் நின்று பார்த்தால், தெரியும். ஆகவே 'ஏன்' என்று குடைவதைவிட 'என்ன' என்று பார்ப்பது பிழைக்கும் வழி.

அந்த 'என்ன'வுக்கு இருக்கும் வலிமையை மாத்யூ லீபர்மன் 2007இல் மூளைப் படத்தில் காட்டினார். கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொன்னதும், மூளையில் அச்ச மணி அடிக்கும் அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்தது. நெற்றியின் வலப்பக்கத்து முன்மூளை எழுந்தது. 2012இல் சிலந்திக்கு அஞ்சுபவர்களிடம் அவரும் கேத்தரீனா கிர்கான்ஸ்கியும் இதைச் சோதித்தார்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னபடி சிலந்தியை நெருங்கியவர்களின் தோலில் அளந்த பயக் கிளர்ச்சி, ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, 'அது ஒன்றும் செய்யாது' என்று தேறுதல் சொல்லிக்கொண்டவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது.

இனி ஒரு நெசவாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரியில் ஓர் ஏழை நெசவுக் குடும்பத்தில் 1911 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தவர் வேதாத்திரி. மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. சிறுவயதிலேயே தறிக்குழியில் இறங்கியவர். பிற்காலத்தில் வேதாத்திரி மகரிஷி என்று தமிழ்நாடு அறிந்தது இவரைத்தான். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2006இல் மறைந்தார். அவருடைய தத்துவத்தில் விஞ்ஞானம் அளக்க முடியாதவை நிறைய உண்டு, அவற்றுக்குள் நான் போகவில்லை. அவர் வகுத்த அகத்தாய்வுப் பயிற்சிதான் இங்கே பேச வேண்டியது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று போய், 'நான் யார்?' என்ற கேள்வியில் முடியும் பயிற்சி அது. அந்தக் கடைசிக் கேள்வி திருவண்ணாமலையில் ரமணர் கேட்கச் சொன்னது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பிறகு அந்தப் பெயரில் நூலாயின. ரமணர் எந்த எண்ணம் வந்தாலும் அது யாருக்கு வந்தது என்று திரும்பச் சொன்னார். வேதாத்திரி அந்த உச்சிக்கு முன்னால், குடும்பஸ்தர் ஏறத்தக்க சில படிகளை வைத்தார்.

எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆறு ஊற்றுகளைச் சொன்னார்: தேவை, பழக்கம், சூழ்நிலை, பிறர் மனம், கருவமைப்பு, தெய்வீகம். கடைசி இரண்டை ஒதுக்கினாலும் முதல் நான்கு நல்ல வலை. 'முதலாளி என்னை ஏமாற்றுகிறார்' என்ற நினைப்பு வருகிறது என்று வையுங்கள். அது இன்றைக்கு நடந்த எதிலிருந்தாவது வந்ததா, பத்து வருடப் பழக்கமா, காலையில் டீக்கடையில் இன்னொருவர் சொன்னதை நாம் சுமந்து வந்ததா? இப்படிக் கேட்டதும் நினைப்பு நம்மிடமிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. ஃபிலடெல்பியாவில் ஆரோன் பெக் 1960களில் கண்டதும் இதன் பக்கத்து வீடுதான். மனச்சோர்வுள்ளவர்கள் அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னோர் ஓட்டம், பெரும்பாலும் தன்னைத் தானே தாழ்த்தும் ஓட்டம், சொல்லப்படாமல் ஓடியது. அதைப் பிடித்து எழுதி, உண்மைதானா என்று சோதிக்கப் பழக்கினார். உலகெங்கும் இன்று மனச்சோர்வுக்குத் தரப்படும் அறிவுசார் சிகிச்சை அதிலிருந்து கிளைத்தது.

வேதாத்திரியின் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது கவலைப் பட்டியல். கவலைகளைத் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கில் ஒன்றில் சேர்க்க வேண்டும்: அனுபவித்தே தீர்க்க வேண்டியது, அலட்சியப்படுத்த வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. ஆரணியில் ஒரு தறிக்காரர் எழுதுவதாகக் கொள்வோம். குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முழங்கால் வலி முதல் வகை. பங்காளி கல்யாணத்தில் சொன்ன சொல் இரண்டாவது. பத்தாவது படிக்கும் மகளின் கல்யாணம் மூன்றாவது. வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டிய அடகு வட்டி நான்காவது. தறியில் உட்கார்ந்திருந்தபோது நான்கும் ஒரே பாரமாக நெஞ்சில் கிடந்தன. தாளில் வந்ததும் இந்த வாரத்துக்கு உரியது ஒன்றே ஒன்று என்று தெரிகிறது.

மூன்றாவது வகைக்கு ஓர் ஆய்வு உண்டு. தாமஸ் போர்கோவெக் குழு 1983இல், ஓயாமல் கவலைப்படும் மாணவர்களிடம், கவலையை விடுங்கள் என்று சொல்லவில்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் கவலை எழுந்தால், எழுந்ததைக் கண்டுகொண்டு, அந்த அரைமணிக்கு ஒத்திவைக்க வேண்டும். நான்கு வாரத்தில் கவலைப்படும் நேரம் நன்றாகக் குறைந்தது. ஒத்திவைக்க வேண்டுமென்றால் முதலில் எழுந்ததைக் கண்டுகொள்ள வேண்டும் அல்லவா, பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நான்காவது வகைக்கு இரண்டு. 2011இல் மாசிகாம்போ, ராய் பாமைஸ்டர் இருவரும் கண்டது: முடிக்காத காரியம் படிப்புக்கு நடுவே மனதில் வந்து வந்து தட்டும், ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட்ட மாத்திரத்திலேயே, காரியம் முடியாமலே, தட்டுவது நிற்கும். 2018இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார். படுக்குமுன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளையும், மீதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். 'வியாழன் மாலை கூட்டுறவுச் சங்கத்தில் பணம் கேட்டு, வெள்ளி காலை வட்டி கட்டுவது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுப்பவரின் மனம், அந்தச் சீட்டை இரவெல்லாம் கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் செய்தும் பல வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது தாளில் எழுதித் தீரும் கவலை இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நெசவாளரின் மனதைப் பயிற்றுவதோடு விட்டுவிடுவது நியாயமாகவும் எனக்குப் படவில்லை. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர் ஒடிசாவில், இலைத்தட்டு தைத்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஏழைத் தொழிலாளர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மொத்தக் கூலி எல்லாருக்கும் ஒன்றே. சிலருக்கு மட்டும், அதுவரை செய்த வேலைக்கான கூலி சில நாள் முன்னதாகக் கையில் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அதைக் கொண்டு கடனை அடைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்கள் தைக்கும் வேகம் கூடியது, கவனம் தப்பி வரும் பிழைகள் குறைந்தன. மிக ஏழைகளிடம் இது நன்றாகத் தெரிந்தது. கூலியை உயர்த்தாமலே, கொடுக்கும் நாளை மாற்றியதில் கிடைத்த பலன் இது. ஆரணியில் உருப்படிக் கூலி கொடுக்கும் முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு பருவத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். பாவு பாதி நெய்தானதும் அதுவரைக்கான கூலி, அறுத்துக் கொடுத்ததும் மீதி. ஆடி மாதத்தில் தொடங்கினால் நல்லது. கல்யாணம் நின்று, புடவை தேங்கி, கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதம் அது.